மென்தசையைச் சுருக்குவது எந்த ஏற்பித் துணைவகை? ஆர்கன் பாத்தில் கண்டறியும் முழுமையான வழிகாட்டி

மருந்து வந்து ஒட்டிச் செல்லுக்குள் சைகை அனுப்பும் புரதமே ஏற்பி; ஒரே ஏற்பிக்குப் பல துணைவகைகள் உண்டு. ஒரு மென்தசைத் துண்டு மருந்துக்குச் சுருங்குகிறது என்று காட்டுவது எளிது. எந்த ஏற்பித் துணைவகை வழியாகச் சுருங்குகிறது என்று நிறுவுவதுதான் கடினம். புதிதாக வருபவர்கள் திசுவைக் கட்டுவதையும், அதைக் கரைசலில் உயிரோடு வைத்து விசையை அளக்கும் ஆர்கன் பாத் கருவியை ஓட்டுவதையும் சில வாரங்களில் பழகிவிடுகிறார்கள். அவர்கள் தடுமாறுவது படிகளின் வரிசையில். எதை முதலில் அடைக்க வேண்டும், எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், எந்தச் செறிவில் தொடங்க வேண்டும் என்பதை முன்பே முடிவுசெய்யாமல் இறங்கினால், நாள் முழுவதும் அழகான வளைவுகள் கிடைக்கும். மாலையில் சொல்வதற்கு விடை இருக்காது.

கீழே கினிப்பன்றியின் இலியத்தையும் (சிறுகுடலின் கடைசிப் பகுதி) மஸ்கரினிக் ஏற்பிகளையும் (அசிட்டைல்கோலின் என்ற நரம்புச் செய்திப்பொருள் கிளப்பும் ஒரு வகை ஏற்பிகள்) எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறேன். முறை எல்லா மென்தசைக்கும் பொருந்தும்.

1. கேள்வியை எழுதி வையுங்கள்

திசு, தூண்டி (ஏற்பியைக் கிளப்பும் மருந்து), சந்தேகத்துக்குரிய துணைவகைகள் ஆகிய மூன்றையும் குறிப்பேட்டில் எழுதிய பிறகே கரைசல் கலக்கத் தொடங்குங்கள். நம் எடுத்துக்காட்டில் திசு இலியம், தூண்டி கார்பகால், சந்தேகப் பட்டியல் எம்1 முதல் எம்5 வரை.

அசிட்டைல்கோலினை விட்டுக் கார்பகாலை எடுப்பதற்குக் காரணம் உண்டு. திசுவில் இருக்கும் கோலினெஸ்டரேஸ் நொதி அசிட்டைல்கோலினை உடைத்துவிடும். நீங்கள் பாத்தில் விட்ட செறிவு ஏற்பியின் அருகில் இருக்காது. கார்பகால் அந்த நொதிக்கு எளிதில் உடையாது.

இந்தத் திசுவில் பெருவாரியாக இருப்பவை எம்2, எம்3 ஆகிய இரண்டும். பிணைப்பு ஆய்வுகளில் எம்2 தெளிவான பெரும்பான்மை. ஆனால் சாதாரண நிலையில் தசையை நேரடியாகச் சுருக்குவது சிறுபான்மையான எம்3. அது சைகை கடத்தும் ஜிக்யூ புரதத்தோடு இணைந்து ஃபாஸ்ஃபோலைப்பேஸ் சி நொதியைக் கிளப்புகிறது. அதனால் உருவாகும் ஐபி3 என்ற சைகை மூலக்கூறு உள்சேமிப்பிலிருந்து கால்சியத்தை விடுவிக்கிறது. கால்சியமும் கால்மோடுலினும் சேர்ந்து மயோசின் இழையின் ஃபாஸ்ஃபேட் ஏற்றத்தைத் தொடங்குகின்றன. எம்2 செல்வது ஜிஐ என்ற வேறொரு சைகைப் புரதத்தின் வழியில். அடினைலைல் சைக்ளேஸை அடக்கி, தசையைத் தளர்த்தும் சைக்ளிக் ஏஎம்பி உருவாவதைக் குறைப்பது அதன் வேலை.

ஆகவே எது அதிகம் இருக்கிறது என்பது எது சுருக்குகிறது என்பதற்கு விடை ஆகாது. ஆர்என்ஏ அளவும் அப்படியே. இந்த ஏற்பிகளைக் கண்டறிய விற்கப்படும் எதிர்ப்புரதங்களில் (ஆன்டிபாடி) பல, ஏற்பியே இல்லாத திசுவிலும் அது இருப்பதுபோல் பட்டை காட்டுபவை. அவற்றை மட்டும் நம்பி முடிவு எழுதாதீர்கள்.

தூண்டிகளின் வீரியத்தை ஒப்பிடுவதும் பெரிய உதவி செய்யாது. ஒரு தூண்டியின் இசி50 (உச்ச விளைவில் பாதியைத் தரும் செறிவு) அந்தத் திசுவில் எவ்வளவு உபரி ஏற்பிகள் இருக்கின்றன, உள்ளே சைகை எவ்வளவு பெருக்கப்படுகிறது என்பதைப் பொறுத்து மாறும். தூண்டி ஒட்டும் அதே இடத்துக்குப் போட்டியிடும் போட்டித் தடுப்பான் ஒன்றின் நாட்டம் (ஏற்பியோடு ஒட்டும் வலிமை) அப்படி மாறாது. அது அந்த ஏற்பிக்கும் அந்த மருந்துக்கும் இடையிலான நிலையான எண். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு எண்ணைக் கெடாமல் அளப்பதற்காகத்தான்.

2. விடை எப்படி இருக்கும் என்று முன்பே கணக்கிடுங்கள்

பலர் தாண்டிச் செல்லும் படி இதுதான். நான் மற்ற எல்லாவற்றையும்விட இதை வலியுறுத்துவேன்.

தடுப்பான் சேர்த்தால் தூண்டியின் வளைவு, அதாவது அதன் செறிவுக்கு எதிரே சுருக்க விசையை வரைந்த கோடு, வலப்பக்கம் நகரும். எத்தனை மடங்கு நகர்கிறதோ அதுவே செறிவு விகிதம். போட்டித் தடுப்பானுக்கு இந்த விகிதம் ஒன்றுடன், தடுப்பானின் செறிவை அதன் கேபி மதிப்பால் வகுத்து வரும் எண்ணைக் கூட்டியதற்குச் சமம். கேபி என்பது ஏற்பிகளில் பாதியைத் தடுப்பான் பிடிக்கும் செறிவு. கேபி மதிப்பின் எதிர்மறை லாக், பிகேபி. இது உயர உயர நாட்டம் அதிகம்.

மஸ்கரினிக் தடுப்பான்களின் தோராயமான மதிப்புகள் இவை. அட்ரோபின் எல்லாத் துணைவகைகளிலும் 9 அளவில் நிற்கும். எனவே அது மஸ்கரினிக் என்று சொல்லும், துணைவகையைச் சொல்லாது. பிரென்செபின் எம்1இல் 8 அளவு, எம்3இல் 6.8 அளவு. மெத்தாக்ட்ரமின் எம்2இல் 8 அளவு, எம்3இல் 6 முதல் 6.5 வரை. டாரிஃபெனசின் எம்3இல் 9 அளவு, எம்2இல் 7 முதல் 7.5 வரை.

இப்போது கணக்கு. மெத்தாக்ட்ரமினை 1 மைக்ரோமோலார் செறிவில் விடுகிறீர்கள். சுருக்குவது எம்2 என்றால் வளைவு ஏறத்தாழ 100 மடங்கு நகர வேண்டும். எம்3 என்றால் சுமார் 3 மடங்குதான். டாரிஃபெனசினை 10 நானோமோலாரில் விட்டால் இது தலைகீழாகும்: எம்3 என்றால் 11 மடங்கு, எம்2 என்றால் 1.2 மடங்கு, கண்ணுக்கே தெரியாது. பிரென்செபின் 1 மைக்ரோமோலாரில், எம்1 என்றால் 100 மடங்கு, எம்3 என்றால் 7 மடங்கு.

இந்த எண்களைச் சோதனைக்கு முன் எழுதி வைத்தால் இரண்டு நன்மை. இரண்டு துணைவகைகளையும் பிரித்துக் காட்டாத செறிவை நீங்கள் தேர்ந்தெடுக்க மாட்டீர்கள். டாரிஃபெனசினை 1 மைக்ரோமோலாரில் விட்டு, சுருக்கம் நின்றது, ஆகவே எம்3 என்று எழுதுவது அடிக்கடி காணும் பிழை. அந்தச் செறிவில் எம்2வும் நன்றாக அடைபடும். இரண்டாவது, வந்த முடிவுக்கு ஏற்றபடி விளக்கத்தை வளைக்கும் சபலம் குறையும்.

3. முன்கூட்டியே வேண்டியவை

விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கையில் இருக்க வேண்டும். வேறு ஆய்வுக்காக எடுக்கப்படும் விலங்கின் குடலைப் பகிர்ந்துகொள்ள முடியுமா என்று முதலில் கேளுங்கள். ஒரு விலங்கிலிருந்தே பல துண்டுகள் கிடைக்கும். அவற்றை வீணாக்காதபடி எத்தனை பாத் ஓடும் என்று முன்பே கணக்கிட்டு வையுங்கள்.

கிரெப்ஸ் கரைசல், ஒரு லிட்டருக்கு: சோடியம் குளோரைடு 6.9 கிராம், பொட்டாசியம் குளோரைடு 0.35, பொட்டாசியம் டைஹைட்ரஜன் ஃபாஸ்ஃபேட் 0.16, ஏழு நீர் மூலக்கூறு கொண்ட மெக்னீசியம் சல்பேட் 0.30, சோடியம் பைகார்பனேட் 2.1, குளுக்கோஸ் 2.0 கிராம், கடைசியில் 1 மோலார் கால்சியம் குளோரைடு கரைசல் 2.5 மில்லிலிட்டர்.

கடைசியில் என்பது முக்கியம். பைகார்பனேட்டும் ஃபாஸ்ஃபேட்டும் இருக்கும் கரைசலில், வாயு செலுத்தும் முன் கால்சியத்தை ஊற்றினால் பால்போல் கலங்கும். அது வீழ்படிவான கால்சியம், திசுவுக்குக் கிடைக்காது. முதலில் 95 சதவீத ஆக்சிஜனும் 5 சதவீத கார்பன் டைஆக்சைடும் கொண்ட கார்போஜெனைக் குறைந்தது 15 நிமிடம் குமிழவிட்டு, பிறகு கலக்கிக்கொண்டே கால்சியத்தைச் சேருங்கள். கலங்கிவிட்டால் அந்தக் கரைசலைக் கொட்டிவிடுங்கள்.

கார்போஜெனுக்குப் பதில் வெறும் ஆக்சிஜன் போதும் என்று நினைக்க வேண்டாம். பைகார்பனேட்டோடு சமநிலையில் நின்று அமிலகார அளவை 7.4இல் வைப்பது அந்த 5 சதவீத கார்பன் டைஆக்சைடுதான்.

மருந்துகளில், கார்பகாலை 10⁻² மோலாராக நீரில் கரைத்துப் பத்துப் பத்து மடங்காக நீர்க்கச் செய்யுங்கள். டாரிஃபெனசின் போன்றவற்றை டிஎம்எஸ்ஓ என்ற கரிமக் கரைப்பானில் கரைக்க வேண்டியிருக்கும். பாத்தில் டிஎம்எஸ்ஓ 0.1 சதவீதத்தைத் தாண்டாமல் வையுங்கள், அதே அளவு டிஎம்எஸ்ஓ மட்டும் சேர்த்த ஒரு பாத்தையும் ஓட்டுங்கள். மிகக் குறைந்த செறிவில் கொழுப்பில் கரையும் மருந்துகள் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொள்ளும். நீர்த்த கரைசல்களை அன்றன்றே தயாரிப்பது நல்லது.

4. திசுவை எடுத்துப் பொருத்துதல்

இலியமும் பெருங்குடலின் தொடக்கமான சீக்கமும் சேரும் இடத்திலிருந்து முதல் 10 சென்டிமீட்டரை விட்டுவிடுங்கள். அந்தப் பகுதியின் எதிர்வினை மேலே உள்ளதைப்போல் இருக்காது. அதற்கு மேலே தேவையான நீளத்தை எடுத்து, வாயு செலுத்திய கிரெப்ஸில் போடுங்கள்.

உள்ளிருப்பதைக் கழுவும்போது பிப்பெட்டால் மெதுவாகக் கரைசலைச் செலுத்துங்கள். விரலால் வழித்து எடுத்தால் நரம்பு வலையும் நீள்தசையும் சிதையும். குடல்தாங்கிச் சவ்வை ஒட்ட நறுக்கி, சுமார் 2 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டுங்கள்.

நூல் கட்டும்போது குழலின் ஒரு பக்கச் சுவரை மட்டும் குத்தி முடிச்சுப் போடுங்கள். வாயை இறுக்கிக் கட்டினால் கரைசல் உள்ளே ஓடாது. உள்ளே தேங்கும் சளியும் அழுத்தமும் அளவீட்டைக் கெடுக்கும். கீழ்நுனியைக் கொக்கியிலும் மேல்நுனியைத் தசைவிசை அளக்கும் டிரான்ஸ்டியூசரிலும் மாட்டி, 37 டிகிரியில் 1 கிராம் ஓய்வு இழுவிசை கொடுங்கள்.

5. நிலைப்படுத்தல், உயிர்த்தன்மைச் சோதனை

60 நிமிடம் விடுங்கள். 15 நிமிடத்துக்கு ஒருமுறை கரைசலை மாற்றுங்கள். இழுவிசை தளர்ந்தால் மீண்டும் 1 கிராமுக்குக் கொண்டுவாருங்கள். வெட்டியபோது கசிந்த ஹிஸ்டமின், புரோஸ்டகிளாண்டின் போன்றவை வெளியேற இந்த நேரம் தேவை.

பிறகு 60 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடு கொடுத்துப் பாருங்கள். இது ஏற்பியைத் தொடாமல், செல்லின் மின்னழுத்தத்தை மாற்றிக் கால்சியம் வாயில்களைத் திறக்கிறது. இதற்கும் சுருங்காத திசு சேதமடைந்த திசு. அதில் ஏற்பியைத் தேடுவதில் பொருளில்லை. அடிவரை கழுவி மீண்டும் ஓய்வு நிலைக்குக் கொண்டுவாருங்கள்.

6. மற்ற கதவுகளை மூடுங்கள்

திசுவில் தசை மட்டும் இல்லை. நரம்பு, மாஸ்ட் செல், எபிதீலியம் எல்லாம் இருக்கின்றன. தூண்டி இவற்றில் எதையாவது தொட்டு, அது வெளியிடும் வேறொரு பொருள் தசையைச் சுருக்கலாம். அப்போது நீங்கள் அளக்கும் விசை தசையிலுள்ள ஏற்பியைப் பற்றிப் பேசாது.

கார்பகால், அசிட்டைல்கோலினின் மற்றொரு வகை ஏற்பிகளான நிக்கோடினிக் ஏற்பிகளையும் தூண்டும். குடல்சுவரின் நரம்பு முடிச்சுகளில் அவை இருப்பதால், நரம்பின் மின்சைகையை நிறுத்தும் டெட்ரோடோடாக்சினை 0.3 மைக்ரோமோலாரிலோ, அந்த ஏற்பிகளையே அடைக்கும் ஹெக்சாமெத்தோனியத்தை 100 மைக்ரோமோலாரிலோ சேர்க்கலாம். டெட்ரோடோடாக்சின் மிகக் கொடிய நஞ்சு. கையுறை, பூட்டிய அலமாரி, தனிக் கழிவு ஏற்பாடு இல்லாமல் அதைத் தொடக் கூடாது. தொடக்க ஆய்வாளருக்கு ஹெக்சாமெத்தோனியத்தையே பரிந்துரைப்பேன். புரோஸ்டகிளாண்டின் உருவாவதை அடக்க இண்டோமெத்தசின் 3 மைக்ரோமோலார். இவற்றை நாள் முழுவதும் ஓடும் கிரெப்ஸ் கரைசலிலேயே கலந்துவிடுங்கள். தடுப்பானோடு புதிதாகச் சேர்த்தால் எது எதைச் செய்தது என்று பிரிக்க முடியாது.

நார்அட்ரினலினைத் தூண்டியாக வைப்பவர்களுக்கு இந்தப் படி இன்னும் நீளும். நரம்பு முனையின் மீள்உறிஞ்சலைக் கொக்கெயினாலும், தசையின் உறிஞ்சலைக் கார்ட்டிகோஸ்டீரோனாலும், தளர்த்தும் பீட்டா ஏற்பிகளைப் புரோபிரனலாலாலும் அடைக்க வேண்டும். மீள்உறிஞ்சல் திறந்திருந்தால் குறைந்த செறிவுகள் விழுங்கப்பட்டு, தடுப்பானின் நாட்டம் தவறாக வரும்.

7. முதல் வளைவு

கார்பகாலைச் செறிவு கூட்டிக் கூட்டிச் சேர்க்கும் முறையில், அரை லாக் (சுமார் 3 மடங்கு) படிகளாக, 10⁻⁹ மோலாரிலிருந்து உச்சம் தட்டும் வரை கொண்டு செல்லுங்கள். ஒவ்வொரு படியின் விசையும் சமநிலைக்கு வந்த பிறகே அடுத்ததைச் சேருங்கள்.

இங்கே நடக்கும் கணக்குப் பிழை: ஏற்கெனவே பாத்தில் இருப்பதைக் கழிக்காமல் முழு அளவையும் சேர்ப்பது. எடுத்துக்காட்டுக்கு, இன்னும் மருந்து சேர்க்காத 10 மில்லிலிட்டர் பாத்தில் 10⁻⁸ மோலார் வேண்டுமென்றால் 10⁻⁵ கரைசலில் 10 மைக்ரோலிட்டர். அடுத்து 3×10⁻⁸ ஆக்க 20 மைக்ரோலிட்டர் போதும், 30 வேண்டாம். அதற்கடுத்து 10⁻⁷ ஆக்க 10⁻⁴ கரைசலில் 7 மைக்ரோலிட்டர். பிறகு 20, பிறகு அடுத்த வலிய கரைசலில் 7 என்று போகும். சேர்த்த மொத்தக் கன அளவு பாத்தில் 2 சதவீதத்துக்குள் நிற்கட்டும்.

உச்சத்தைத் தொட்டதும் உடனே கழுவுங்கள். அதிகச் செறிவில் நீண்ட நேரம் விட்டால் ஏற்பி மரத்துப்போகும். அடுத்த வளைவு தடுப்பான் இல்லாமலேயே வலப்பக்கம் நகரும். அந்த நகர்வைத் தடுப்பானின் கணக்கில் எழுதிவிடும் ஆபத்து இருக்கிறது. 30 நிமிடம், பலமுறை கழுவிய பிறகு இரண்டாவது வளைவை எடுங்கள். இரண்டின் இசி50 மதிப்பும் 0.2 லாக் அலகுக்குள் ஒத்திருந்தால் முன்னேறலாம். இல்லையென்றால் மூன்றாவது வளைவு.

8. தடுப்பானோடு வளைவு

ஒரு திசுத் துண்டுக்கு ஒரு தடுப்பான், ஒரே ஒரு செறிவு. அடுத்தடுத்த செறிவுகளை ஒரே துண்டில் ஏற்றும்போது முந்தையது முழுதாக வெளியேறியதா என்று அறிய வழியில்லை. ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு துண்டை எந்தத் தடுப்பானும் இல்லாமல் அதே நேர அட்டவணையில் ஓட்டுங்கள். காலப்போக்கில் தானாக நிகழும் நகர்வை அது காட்டும். மற்றத் துண்டுகளின் விகிதத்தை அதைக் கொண்டு திருத்தலாம்.

காத்திருக்கும் நேரம் குறைந்தது 60 நிமிடம். நாட்டம் அதிகமுள்ள தடுப்பானைக் குறைந்த செறிவில் விடும்போது சமநிலை மெதுவாகவே வரும். ஏற்பியைத் தேடி வரும் மூலக்கூறுகள் குறைவு, ஒட்டியவை பிரிவதும் மெதுவு. டாரிஃபெனசினின் கீழ்ச்செறிவுகளுக்கு 90 நிமிடம் விடுவேன். 15 நிமிடத்தில் அவசரப்பட்டால் குறைந்த செறிவில் நகர்வு குறைவாகவும் அதிகச் செறிவில் சரியாகவும் வந்து, அடுத்த படியில் கோடு தேவைக்குமேல் செங்குத்தாகும். கரைசலை மாற்றும்போதெல்லாம் தடுப்பானையும் மீண்டும் சேர்க்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

9. எண்ணை எடுத்தல்

கட்டுப்பாட்டு இசி50 10⁻⁷ என்றும் தடுப்பான் 10⁻⁷ மோலார் இருக்கும்போது 1.1×10⁻⁶ என்றும் வைத்துக்கொள்வோம். விகிதம் 11. அதில் 1 கழித்தால் 10. அதன் லாக் 1. தடுப்பானின் எதிர்மறை லாக் 7. இரண்டையும் கூட்டினால் பிகேபி 8.

ஒரே செறிவில் வந்த எண் வெறும் குறிப்புதான். குறைந்தது மூன்று செறிவுகள், ஒன்றுக்கொன்று அரை லாக் அல்லது ஒரு லாக் இடைவெளியில் எடுத்து, விகிதத்திலிருந்து 1 கழித்ததன் லாக்கைத் தடுப்பானின் லாக் செறிவுக்கு எதிரே வரையுங்கள். இதுவே ஷில்ட் வரைபடம். சாய்வு 1ஆகவும் உச்சங்கள் சமமாகவும் இருந்தால் எளிய போட்டி என்று கொள்ளலாம். கோடு அச்சை வெட்டும் இடம் பிஏ2, சாய்வு 1 எனில் அதுவே பிகேபி.

2ஐ விடச் சிறிய விகிதங்களில் எச்சரிக்கை வேண்டும். விகிதம் 1.5 என்றால் லாக் மதிப்பு -0.3, 1.2 என்றால் -0.7. இசி50இல் ஏற்படும் சிறு அளவீட்டுப் பிழை கோட்டின் கீழ்முனையைத் தூக்கி எறிந்துவிடும்.

எண்ணிக்கையில் மாதிரி என்பது விலங்குகளைக் குறிக்கும், துண்டுகளை அல்ல. ஒரே விலங்கின் ஆறு துண்டுகளை ஆறு மாதிரி என்று எழுதுவது பிழைவரம்பைப் பொய்யாகச் சுருக்கும்.

10. கைரேகையை ஒப்பிடுங்கள்

ஒரு தடுப்பானை வைத்துத் துணைவகையைப் பெயரிடாதீர்கள். எந்தத் தடுப்பானும் ஒரே துணைவகைக்கு மட்டும் சொந்தமானதல்ல. பிரென்செபின் 6.8, மெத்தாக்ட்ரமின் 6.2, டாரிஃபெனசின் 9 என்று மூன்றும் சேர்ந்து வந்தால் அந்தக் கைரேகை எம்3க்கு மட்டுமே பொருந்தும். பிரென்செபின் 6.8 மட்டும் தனியே வந்தால் அது எம்1 அல்ல என்று சொல்லலாம். அதற்கு மேல் நகர முடியாது, ஏனெனில் எம்2வும் எம்5வும் அதே சுற்றுவட்டாரத்தில் இருக்கின்றன.

ஷில்ட் சாய்வு 1க்குக் கீழே தெளிவாக விழுந்தால் முதலில் சமநிலை நேரத்தையும் உறிஞ்சல் வழிகளையும் சரிபாருங்கள். அவை சரியாக இருந்தும் விழுந்தால் இரண்டு துணைவகைகள் சேர்ந்து சுருக்குகின்றன என்று சந்தேகிக்க நியாயம் உண்டு. அதிகச் செறிவில் உச்சம் தாழ்ந்தாலும் உடனே போட்டியற்ற தடுப்பு என்று எழுத வேண்டாம். மெதுவாகப் பிரியும் போட்டித் தடுப்பானும், தூண்டி தன் இடத்தைப் பிடிக்க நேரம் கிடைக்காத சூழலில், உச்சத்தைத் தாழ்த்தும்.

11. மறைந்திருக்கும் எம்2வை வெளியே கொண்டுவருதல்

மேலே சொன்ன முறையில் எம்2 வெறும் பார்வையாளர்போல் தெரியும். அதன் வேலை சைக்ளிக் ஏஎம்பியைக் குறைப்பது. ஓய்வான திசுவில் குறைப்பதற்கு அதிகம் இல்லை. அதனால் சோதனையின் நிலைமையை மாற்ற வேண்டும்.

முதலில் எம்2வை, கழுவினால் விலகிவிடும் அதன் மீள்தடுப்பான் ஒன்றால், எடுத்துக்காட்டாக ஏஎஃப்-டிஎக்ஸ் 116ஆல், மூடிப் பாதுகாக்கிறோம். அந்த நிலையில் 4-டேம்ப் மஸ்டர்டு என்ற நிரந்தரமாக ஒட்டும் தடுப்பானை விட்டு எம்3யைச் செயலிழக்கச் செய்கிறோம். வரிசை மாறினால் இரண்டும் போய்விடும். நன்றாகக் கழுவி ஏஎஃப்-டிஎக்ஸை வெளியேற்றிய பிறகு, ஹிஸ்டமினால் திசுவைச் சுருக்கி, ஃபோர்ஸ்கோலினால் சைக்ளிக் ஏஎம்பியை உயர்த்தித் தளர்த்துகிறோம்.

இப்போது மஸ்கரினிக் தூண்டியைச் சேர்த்தால் திசு மீண்டும் சுருங்கும். இந்தச் சுருக்கத்தைத் தடுப்பான்களால் அளந்தால் வரும் கைரேகை எம்2வினுடையது. ஒரே திசு, ஒரே தூண்டி; சூழல் மாறியதும் விடை மாறுகிறது. ஆகவே முடிவை எழுதும்போது எந்தச் சூழலில் என்பதைச் சேர்த்தே எழுதுங்கள்.

12. இரத்தக்குழாய்க்கு மாறும்போது

எலியின் பெருந்தமனி வளையத்தில் ஆல்ஃபா1 அட்ரினெர்ஜிக் ஏற்பியின் (நார்அட்ரினலின் கிளப்பும் ஏற்பி) துணைவகையைத் தேடுபவர்கள் அதே படிகளை மூன்று மாற்றங்களோடு பின்பற்றலாம். ஓய்வு இழுவிசையை 2 கிராமாக வையுங்கள். உட்சுவர் எண்டோதீலியத்தை மெதுவாகத் தேய்த்து நீக்குங்கள். அது வெளியிடும் நைட்ரிக் ஆக்சைடு சுருக்கத்தை மங்கச் செய்யும். நீங்கியதா என்று பார்க்க, ஃபினைலெஃப்ரினால் சுருங்கிய வளையத்தில் அசிட்டைல்கோலின் விடுங்கள். தளர்ந்தால் எண்டோதீலியம் இன்னும் இருக்கிறது.

தடுப்பான்களில் பிரசோசின் ஆல்ஃபா1 என்று மட்டும் சொல்லும். பிஎம்ஒய் 7378 இந்தத் திசுவில் 8க்கு மேல் பிகேபி காட்டும். அது ஆல்ஃபா1டி துணைவகையின் அடையாளம். ஆல்ஃபா1ஏ சுருக்கும் விந்துநாளத்தில் அதே மருந்து அதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் பலவீனமாகத் தெரியும். முடிந்தால் இரண்டு திசுக்களையும் ஒரே நாளில், ஒரே மருந்துக் கரைசலால் ஓட்டுங்கள். கரைசலின் வலிமையில் பிழை இருந்தால் இரண்டு எண்களும் ஒரே திசையில் விலகும். பிழை கரைசலிலா திசுவிலா என்று அன்றே தெரிந்துவிடும்.